சொர்ணம் பெரியம்மாவின் வலது கண்

கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் போன மாதம் செம்பூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கண் நடுவிலிருக்கும் பாவையை விரிப்பதற்கு இப்போது வந்திருக்கும் சொட்டு மருந்து காலையில் விட்டால் சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடுகிறதாம். "ஒங்க காலத்துல வாரக்கணக்கா கண்ணு தொறந்தே கெடக்குமாமே ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் நர்ஸ் சங்கத்து ஆண்டு மலருக்கு, சொட்டு மருந்தைப் பத்திரமாக விடுவது எப்படி என்று நான் எழுதித் தர வேண்டுமாம். நான் பெரிய கண்டிப்புக்காரி என்று பெயர் எடுத்தவள். நோயாளியைத் தவிர வேறு யார் பதில் சொன்னாலும் சொட்டுக் குப்பியைக் கையில் எடுக்கமாட்டேன் என்பது எங்கள் தொழிலில் ஒரு கதையாகவே ஆகிவிட்டது. அதைப் புகழ்ந்து ஒரு வரி போடவும் இவர்களுக்கு உத்தேசம். புகழ இதில் ஒன்றும் இல்லை, தாயே. அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் புகழுங்கள்.

எங்கள் வீடு தாராவியில். அப்பாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களெல்லாம் ஒரே சந்தில் ஒட்டிக்கொண்டிருந்தோம். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புப் படித்தேன். படுக்கை விரித்தேன், பேஸின் கழுவினேன், திட்டு வாங்கினேன், பாஸானேன். அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். அங்கிருந்த டாக்டரம்மா சிபாரிசு பண்ணி, மாட்டுங்காவில் ஒரு கண் டாக்டரிடம் எனக்கு வேலை கிடைத்தது. இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம் அது.

டாக்டர் பாலக்காட்டுக்காரர். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் சோப்புப் போட்டுக் கை கழுவுவார், அவசரமே இல்லாமல், நகக்கண் வரைக்கும். அவர் கோபப்பட்டால் அதற்கு ஒரே அடையாளம், கேட்ட கேள்வியை இன்னொரு தடவை அதே வார்த்தைகளில் கேட்பார். நாம் சொன்ன முதல் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

அவருடைய டிஸ்பென்சரியில் வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள், அவர்கள் வீட்டு மாமிகள். முதல் வாரத்திலேயே ஒரு மாமி என்னிடம் ஜாகை எங்கே என்று கேட்டாள். சயான் என்றேன். பாதிப் பொய்தான், எங்கள் சந்திலிருந்து சயான் ஸ்டேஷன் கூப்பிடு தூரம். ஆனால் அந்தப் பாதிப் பொய்யை வைத்துக்கொண்டு நான் ஒரு முழு ஆளையே கட்டி எழுப்பினேன். தாராவியிலிருந்து நேரே நடந்து வந்தால் வேலைக்குச் சீக்கிரமே வந்துவிடலாம். நான் சயானுக்குப் போய் ரயில் ஏறி, ஒரே ஸ்டேஷன் தள்ளி மாட்டுங்காவில் இறங்கி, ரயிலில் வந்தவர்களோடு சேர்ந்து நடந்து வருவேன். சேலையில் தோல் வாடை இருக்கிறதா என்று முந்தானையை முகர்ந்து பார்த்துக்கொள்வேன். ஆறே மாதத்தில் என் வாயில் "வாங்கோ, உட்காருங்கோ, சொல்லுங்கோ" எல்லாம் தண்ணீர் பட்ட பாடாக வந்தது. வீட்டில் ஒருநாள் மறந்துபோய், "சாதம் போடறேளா" என்று கேட்டுவிட்டேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏட்டி, ஒனக்கு என்னத்தப் போட? சாதமா, சோறா?" என்று ஒரு வாரம் என்னைப் படுத்தி எடுத்தாள்.

இப்போது சொட்டு மருந்து. டாக்டரிடம் மூன்று குப்பிகள் இருந்தன. அட்ரோபின் குப்பியின் கழுத்தில் சிவப்பு நூல். சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி எழுதுவதற்கு அது. விட்டால் ஒரு வாரம், சில பேருக்கு அதற்கு மேலும், பாவை விரிந்தே கிடக்கும். ஹோமட்ரோபின் குப்பிக்கு வெள்ளை நூல். பெரியவர்களுக்கு அதுதான், ஒன்றிரண்டு நாளில் தெளியும். மூன்றாவது எஸரின், விரிந்த பாவையைத் திரும்பச் சுருக்குவது. யுத்தத்தில் அது வருவதே அபூர்வமாகிவிட்டதால் டாக்டர் தன் மேஜை இழுப்பறைக்குள் வைத்திருந்தார். தனக்குச் சந்தேகம் தட்டிய ஆட்களுக்கு மட்டும் கடைசியில் ஒரு சொட்டு விட்டு அனுப்புவார்.

விடுகிற முறையை அவர் எனக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். நோயாளி மேலே பார்க்க வேண்டும். கீழ் இமையை விரலால் லேசாக இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும், சொட்டு அதில் விழ வேண்டும். கருவிழி மேல் விழக்கூடாது, குப்பியின் நுனி இமை மயிரில் படக்கூடாது. உடனே மூக்கோரத்துக் கண் மூலையை விரலால் அழுத்திக் கொஞ்ச நேரம் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். பெரியவர்களுக்கு நாக்கு வறளும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிவந்து காய்ச்சல் அடிக்கும். அப்புறம் கையைக் கழுவ வேண்டும். நான் ஒருதரம் கழுவாமல் கண்ணைக் கசக்கிவிட்டு, ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசாக நாள்கணக்கில் அலைந்தேன். டாக்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கை கழுவப் போனார்.

ஆனால் இதெல்லாம் விடும்போதும் விட்ட பிறகும் செய்வது. விடுவதற்கு முன்னால் இரண்டு காரியம் உண்டு, அதில்தான் அவர் உயிரை வைத்திருந்தார். சில பேருக்குக் கண்ணுக்குள் முன்புறத்து இடம் குறுகலாக இருக்கும். பாவை விரிந்தால் உள்ளே ஊறும் நீர் வெளியேறும் வழி அடைபட்டுப்போகும். அழுத்தம் ஏறி, ஒரே நாளில்கூடப் பார்வை போய்விடும். நாற்பது தாண்டிய பெண்களுக்கு இது அதிகம். அதனால் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: சாயங்காலத்தில் தலையிடி வந்து, விளக்கைச் சுற்றிக் கலர் வட்டம் தெரிகிறதா? அடுத்தது, டார்ச்சைக் காதுப் பக்கத்திலிருந்து சாய்த்துக் கண் மேல் அடித்துப் பார்க்க வேண்டும். மூக்குப் பக்கத்தில் நிழல் விழுந்தால் இடம் குறுகல், சொட்டு விடக்கூடாது, அவரைக் கூப்பிட வேண்டும். டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு நோயாளியின் முகத்துக்குப் பக்கத்தில் நம் முகத்தைக் கொண்டுபோயாக வேண்டும். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது இப்போது தெரிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை. திரையை விலக்கிக்கொண்டு சொர்ணம் பெரியம்மா உள்ளே வந்தார்.

எங்கள் சந்தில் நாலாவது வீடு. கிடங்கு வேலைக்குப் போகிற ஆட்களுக்கு விடியுமுன் ஆப்பம் சுட்டு விற்பவர். ரத்த சொந்தம் இல்லை, ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பெரியம்மாதான். அம்மா தம்பியைப் பெற்றுப் படுத்திருந்தபோது எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவர். கண் மங்குகிறது, சாயங்காலமானால் நெற்றி வலிக்கிறது என்று மருமகன் கூட்டி வந்திருந்தார். மருமகன் புதுசு, செம்பூரில் ஏதோ கம்பெனியில் குமாஸ்தா, கால்சட்டை போட்டவர், என்னைத் தெரியாது. பெரியம்மா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வாயைத் திறந்தார்.

வெளியே பெஞ்சில் மாமிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெறும் துணித் திரைதான்.

"உட்காருங்கோ" என்றேன், யாரோ ஒருத்தியிடம் சொல்வது போல.

அந்தச் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. பெரியம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். நான் கேள்வியை மருமகனைப் பார்த்துக் கேட்டேன். "சாயங்காலத்துல தெரு விளக்கைச் சுத்திக் கலர் வட்டம் ஏதாவது தெரியறதா இவாளுக்கு?"

மருமகன் சிரித்தார். "யுத்தம் வந்ததுல தெரு வெளக்கே எரியலையே சிஸ்டர். அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

நானும் சிரித்தேன். அந்த வருஷம் பம்பாயில் தெரு விளக்குகளையெல்லாம் அணைத்தும் மூடியும் வைத்திருந்தார்கள், அது நிஜம். ஆனால் ஆப்பம் சுடுகிற பொம்பளைக்கு அடுப்படியில் ஒரு சிமினி விளக்கு இருக்கும் என்று மாட்டுங்காக்காரிக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். மருமகன் நிற்கிற இடத்தில் மாமியார் வாய் திறக்கமாட்டாள், அது எங்கள் ஜனத்து வழக்கம். அதுவும் எனக்குத் தெரியும். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று அவரை அனுப்ப ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அனுப்பினால் பெரியம்மா பேசுவார். பேசினால் எங்கள் ஊர் வழக்கப்படி என்னை "ஏளா" என்று கூப்பிடுவார், அப்பா எப்படி இருக்கான் என்பார், கிடங்கு, சந்து, தாராவி எல்லாம் திரைக்கு வெளியே போய்விடும். இப்படியெல்லாம் அப்போது நிதானமாக யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். உடம்பு தானாகவே செய்தது. பெரியம்மா கையை லேசாகத் தூக்கி ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "பேசப்படாது, மேலே பாருங்கோ" என்றேன். டார்ச்சை எடுக்கவில்லை. அந்த முகத்துக்குப் பக்கத்தில் என் முகத்தைக் கொண்டுபோக எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு கண்ணிலும் ஹோமட்ரோபின் விட்டேன். மூலையை அழுத்திப் பிடித்தேன். கையைக் கழுவினேன். இவையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன்.

டாக்டர் உள்ளே பார்க்கும்போது, "வட்டம் ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார். "இல்லை சார்" என்றேன். எஸரின் விடாமல் அனுப்பினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குழாயடிக்குப் போய் வந்த அம்மா, சொர்ணத்துக்கு ராத்திரியெல்லாம் வாந்தியாம், ஒரு பக்கத் தலை வெடிக்கிற மாதிரி வலியாம், பித்தம் என்று சுக்குத் தட்டிப் போடுகிறார்கள் என்றாள். வாந்தி, ஒரு பக்கத் தலைவலி என்றால் கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது. ஒரு நர்ஸுக்கு அந்த இரண்டு வார்த்தை போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் வேதக்கோயிலுக்குப் போனேன். வெள்ளைச் சேலை கட்டி, வேதப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆராதனை முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பித்தமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணுதான் என்றால் டாக்டரை இங்கே கூட்டிவர வேண்டும், அல்லது பெரியம்மாவை நான் அங்கே கூட்டிப்போக வேண்டும். இரண்டிலும் என் குட்டு உடைந்துவிடும். சீ, இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஜெபம் பண்ணினேன் வேறு.

சாயங்காலம்தான் போனேன். பெரியம்மா சுவரோரம் சுருண்டு கிடந்தார். வலது கண் ரத்தமாகச் சிவந்து, கருவிழி ஆவி படிந்த கண்ணாடி போல மங்கியிருந்தது. இமை மேல் விரல் வைத்து அழுத்திப் பார்த்தேன். கல். இடது கண் அவ்வளவு இல்லை. மாட்டுங்கா வரை ஓடினேன், அன்றைக்கு ரயில் ஏறவில்லை. டாக்டர் கதவைத் திறந்து, ஒரு வார்த்தையில் விஷயத்தைப் புரிந்துகொண்டு, செருப்பைப் போட்டபடியே உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். மருமகன் சயானுக்கு என்னைத் தேடி வந்தார் என்றேன். அந்த நேரத்திலும் வாய் அதைத்தான் சொன்னது.

விக்டோரியா குதிரை வண்டியில் பெரியம்மாவை டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்தோம். இருந்த எஸரினை எல்லாம் இரண்டு கண்ணிலும் மாற்றி மாற்றி விட்டார். ஒத்தடம் கொடுத்தார், வலிக்கு ஊசி போட்டார். நடுவில் என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"வட்டம் தெரியறதான்னு கேட்டியா?"

"கேட்டேன் சார்."

"யார்ட்டே கேட்டே?"

"மருமகன்ட்ட சார்."

அவர் இன்னொரு சொட்டு விட்டார். பிறகு அதே வார்த்தைகளில், "யார்ட்டே கேட்டே?" என்றார். நான் ஒத்தடத் துணியைப் பிழிந்தேன்.

காலையில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பாவையைச் சுற்றியுள்ள சவ்வின் ஓரத்தில், உள்ளே அடைபட்ட நீர் வெளியேற, சிறு துளை வெட்டினார்கள். இடது கண் பிழைத்தது. வலது கண் போய்விட்டது. டாக்டர் அந்த வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு, தப்பு என்னோடது, எஸரின் விட்டு அனுப்பியிருக்க வேண்டும் என்று கை கூப்பிச் சொன்னார். நான் பின்னால் பஞ்சு சுருட்டிக்கொண்டு நின்றேன். அவர் என் பெயரை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கட்டு மாற்றுகிற நாளில் பெரியம்மா மகளோடு டிஸ்பென்சரிக்கு வந்தார். மகளை வெளியே உட்காரச் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் மாமிகள் இருந்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். கட்டைப் பிரித்துக்கொண்டே எங்கள் பேச்சில் கேட்டேன்.

"பெரியம்மா, முந்தியே வெளக்கச் சுத்தி வட்டம் தெரிஞ்சுதா ஒங்களுக்கு?"

"தெரிஞ்சுதே. அடுப்படி வெளக்கச் சுத்திக் கலர் கலரா வளையம். அழகாத்தான் இருந்துச்சு" என்றார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

அவர் திரைப் பக்கம் முகத்தைத் திருப்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எப்பிடிட்டி சொல்ல? வாயத் தொறந்தா ஒன்னய ஏளான்னுதான் வரும் எனக்கு. நீ இங்க வேற மாதிரில்லா இருக்க. நான் பேசப்போயி, ஒன் பொழப்புல மண்ணு விழுந்துரக் கூடாதேன்னுதான் கம்முனு இருந்தேன். அது ஒரு பெரிய வெசயமுன்னு எனக்கு என்ன தெரியும்?"

திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் எனக்காக வாயை மூடிக்கொண்டு அந்தக் கண்ணை இழந்தார் என்றால் நான் எங்கே போய் விழுவது? புதுக் கட்டைப் போட்டேன். இரண்டு தரம் அவிழ்ந்தது. பெரியம்மாவே ஒரு கையால் பஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அவரை அனுப்பிவிட்டு நேரே டாக்டரிடம் போனேன். கை கழுவிக்கொண்டிருந்தார். வேலையை விட்டு அனுப்பினாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன், மாமிகளுக்குக் கேட்கிற குரலில், என் சொந்தப் பேச்சில். "சார், அவங்க எங்க தெரு. எனக்குப் பெரியம்மா. எங்க வீடு சயான் இல்ல சார். தாராவி. எங்கப்பா தோல் கிடங்குல வேல பாக்காங்க."

டாக்டர் குழாயை மூடினார். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"தெரியுமே" என்றார். "மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாட்ட நான்தானே கேட்டேன், தாராவியிலேர்ந்து வரவாளோட அவா பாஷையில பேசறதுக்கு ஒரு பொண்ணு வேணும்னு. அதுக்குத்தான் உன்னை வெச்சுண்டேன். இல்லேன்னா மாட்டுங்காவில நர்ஸுக்கா பஞ்சம்?"

துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஆளை வரச் சொல் என்றார். நான் போய்த் திரையை விலக்கினேன்.